டிரெய்லர் இழுக்க எந்த வண்டி?

கும்பப்பூ அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளும் மாசி, பங்குனி மாதங்களில்தான் நாஞ்சில் நாட்டில் வண்டி வாங்கும் பேச்சு எழும். டிராக்டரும் டிரெய்லரும் வாங்கலாமா, அல்லது பிக்-அப் வண்டி ஒன்று எடுத்து அதன் பின்னால் ஒரு பெட்டியைக் கோத்துக்கொள்ளலாமா என்று பூதப்பாண்டியிலும் சுசீந்திரத்திலும் திண்ணைகளில் பேச்சு நடக்கும். கம்பெனி ஆட்கள் குதிரைத்திறனைச் சொல்வார்கள். வங்கியில் தவணையைச் சொல்வார்கள். வாங்கப்போகும் விவசாயி கேட்க வேண்டிய கேள்வி இவை இரண்டும் அல்ல. நான்கு டன், ஐந்து டன் பாரத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு இறக்கத்தில் வரும்போது வண்டி நிற்குமா என்பதுதான் அந்தக் கேள்வி.

டிரெய்லர் கட்டும் பட்டறைக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "அண்ணாச்சி, இழுக்குமா, இழுக்குமான்னுதான் எல்லாரும் கேக்காவ. நிக்குமான்னு ஒருத்தரும் கேக்கல்ல." முப்பது ஆண்டுகளாக டிரெய்லர் அடிக்கிறவர் அவர். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

முதலில் உங்கள் பாரம் எவ்வளவு?

வண்டி வாங்குமுன் ஆண்டு முழுவதும் நம் நிலத்துக்கு எவ்வளவு பாரம் வந்து போகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு ஏக்கர் வயலில் கோட்டைக்கு 87 கிலோ வீதம் 25 கோட்டை நெல் கண்டால் அது 2,175 கிலோ. வைக்கோலும் ஏறத்தாழ அதே எடை வரும். கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு பூவுக்கும் சேர்த்தால் எட்டே முக்கால் டன்னுக்குச் சற்றுக் குறைவு. தொழு உரம் ஏக்கருக்கு 5 டன் போட வேண்டும் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அதையும் கூட்டினால் பதின்மூன்றே முக்கால் டன். மூன்று டன் ஏற்றும் டிரெய்லரில் இது ஐந்து நடை. வைக்கோல் எடையைவிட இடத்தைத்தான் அடைக்கும் என்பதால் இன்னும் ஒன்றிரண்டு நடை கூடலாம்.

ஆக, மூன்று ஏக்கர் வயல் உள்ளவருக்கு ஆண்டுக்கு இருபது நடை. இந்த இருபது நடைக்காக லட்சக்கணக்கில் கடன் வாங்கி, ஆண்டில் முந்நூற்று நாற்பது நாள் வண்டியைத் தொழுவத்து ஓரத்தில் நிறுத்தி வைப்பது கட்டுப்படியாகாது. வாடகைக்கு அழைப்பதுதான் லாபம். உழவுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகைத் திட்டத்தில் உழவன் செயலி வழியாகவே டிராக்டர் கேட்க வசதி இருக்கிறது. பாரத்துக்கு ஊரிலேயே வண்டிக்காரர்கள் உண்டு. பக்கத்து வயல்களுக்கும் உழவு ஓட்டி, அறுவடைக் காலத்தில் நெல்லும் வைக்கோலும் இழுக்கப் போதிய ஆள் பிடித்து வைத்திருப்பவர் மட்டும் சொந்த வண்டியைப் பற்றி யோசிக்கலாம். இதைச் சொல்வதால் வண்டி விற்பவர்களுக்கு என்மேல் வருத்தம் வரலாம், பரவாயில்லை.

பிக்-அப் எதற்கு, டிராக்டர் எதற்கு?

தோவாளைச் சந்தைக்குப் பூவும், வடசேரிச் சந்தைக்கு ஏத்தன் குலையும் மட்டிக் குலையும், கேரளத்துக்குக் காய்கறியும் கொண்டுபோகிறவருக்கு வேகம்தான் முக்கியம். விடியுமுன் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். குலை அடிபடாமல் இருக்க வேண்டும். அதற்கு நாலு சக்கர பிக்-அப்தான் ஏற்றது. 2005-ல் டாடா ஏஸ் வந்து, மக்கள் அதற்குக் குட்டியானை என்று பேர் வைத்த பிறகு, முக்கால் டன் சரக்கைச் சிறு விவசாயியே சந்தைக்குக் கொண்டுபோவது எளிதாயிற்று. ஒன்றரை டன்னும் அதற்கு மேலும் ஏற்றும் பெரிய பிக்-அப்களும் இன்று உண்டு. ஆனால் இவை எல்லாம் தம் முதுகில் சுமப்பதற்கென்று செய்யப்பட்ட வண்டிகள். இவற்றின் பின்னால் கொக்கி பற்றவைத்து டிரெய்லர் மாட்டுவது வேறு சங்கதி.

அமெரிக்காவில் விவசாயிகள் பிக்-அப் பின்னால் மாட்டையும் குதிரையையும் வைக்கோலையும் டிரெய்லரில் இழுத்துப் போகிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். அங்கே ஒவ்வொரு வண்டிக்கும் எத்தனை எடை இழுக்கலாம், கொக்கியின்மேல் எத்தனை எடை இறங்கலாம் என்று தயாரிப்பாளரே எழுதிக் கொடுக்கிறார். அது மட்டுமல்ல, டிரெய்லரின் எடை 3,000 பவுண்டைத் தாண்டினால் அதற்குத் தனி பிரேக் வேண்டும் என்று அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் இருக்கிறது. 3,000 பவுண்டு என்பது 1,360 கிலோ. நம் ஊரில் காலி டிரெய்லரே ஒரு டன்னுக்கு மேல் இருக்கும். அதில் ஐந்து டன் ஏற்றி, பிரேக் என்ற பேச்சே இல்லாமல் இழுத்துக்கொண்டு போகிறோம்.

ஆகவே பிக்-அப் வாங்கி அதில் டிரெய்லரும் இழுக்க நினைப்பவர்கள், இந்த வண்டி எத்தனை கிலோ இழுக்கலாம் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தராவிட்டால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். கிளட்சு தேய்வது ஒரு பக்கம் இருக்கட்டும். பின்னால் வரும் பாரம் தள்ளும்போது அந்த வண்டியின் பிரேக் தாங்காது. எரு, நெல், வைக்கோல், தேங்காய்த் தொண்டு, செங்கல் இவற்றைப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் மெதுவாகக் கொண்டுபோவதற்கு டிராக்டர்தான்.

குதிரைத்திறன் எதற்கு, எடை எதற்கு?

ஒரு ஜோடி நல்ல காளைகள் தளராமல் நெடுநேரம் இழுக்கும் இழுவை ஏறத்தாழ 80 கிலோதான். அதாவது அவற்றின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. பாரத்தோடு ஆறு டன் உள்ள டிரெய்லரைச் சமமான தார் ரோட்டில் உருட்டிக்கொண்டு போக வேண்டிய இழுவையோ எடையில் நூற்றுக்கு இரண்டு, அதாவது 120 கிலோ. கேட்டால் நம்ப முடியாது. ஆனால் இரும்புப் பட்டை போட்ட கட்டை வண்டி போய் டயர் வண்டி வந்தபோது அதே காளைகள் கூடுதல் பாரம் இழுத்ததைப் பார்த்தவர்கள் நம்புவார்கள். அதே ஆறு டன்னை ஈரம் காயாத வயலில் இழுக்க 900 கிலோவுக்குக் குறையாத இழுவை வேண்டும். பத்தடிக்கு ஓரடி ஏறும் மேட்டில் டிரெய்லருக்கு மட்டும் 600 கிலோ கூடுதலாக வேண்டும்.

35 குதிரைத்திறன் டிராக்டரை ஆள் நடக்கும் வேகத்தில் ஓட்டினால் என்ஜின் ஒரு டன்னுக்கு மேல் இழுவை தரும். பிறகு ஏன் களத்து மேட்டில் சக்கரம் சுற்றிக்கொண்டு நிற்கிறது? டயருக்குப் பிடிப்பு இல்லாததால்தான். இரண்டு டன் டிராக்டரில் பின் சக்கரங்களின்மேல் இருப்பது ஏறத்தாழ 1,300 கிலோ. ஈர மண்ணில் அந்த எடையில் மூன்றில் ஒரு பங்குதான் பிடிப்பாகக் கிடைக்கும். 450 கிலோகூட வராது. 35-க்குப் பதில் 50 குதிரைத்திறன் வாங்கினாலும், எடை கூடாவிட்டால் சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றுமே தவிர வண்டி நகராது. குதிரைத்திறன் வேகத்தைக் கொடுக்கும். இழுவையைக் கொடுப்பது எடை.

அதற்காகக் கனமான டிராக்டராகப் பார்த்து வாங்கிவிடலாமா? நாஞ்சில் நாட்டு வயலில் அது சரிவராது. தொளி உழவில் கனமான வண்டி அச்சுவரை இறங்கிவிடும். அதை எடுக்க இன்னொரு டிராக்டர் வர வேண்டும். நம்மைப் போல் ஒரே வண்டியை வயலுக்கும் ரோட்டுக்கும் வைத்துக்கொள்கிறவர்கள் நடுத்தர எடையுள்ள வண்டியாக எடுத்து, பாரம் இழுக்கும் நாட்களில் மட்டும் எடை கூட்டிக்கொள்வது நன்று. முன்புறம் மாட்டும் இரும்பு எடைகளும், பின் சக்கரத்தில் முடுக்கும் வார்ப்பு எடைகளும் கழற்றி மாட்டக் கூடியவை. பின் டயரில் முக்கால் பங்குவரை தண்ணீர் நிரப்புவதும் உண்டு. டயரின் அளவைப் பொறுத்து ஒன்றுக்கு 150 முதல் 200 லிட்டர் பிடிக்கும். குளிர் நாடுகளில் உறையாமல் இருக்க அதில் உப்புச் சரக்குக் கலக்கிறார்கள். நமக்கு அந்தச் செலவு இல்லை. ஆனால் தொளி உழவுக்கு இறங்குமுன் தண்ணீரை வெளியேற்ற மறக்கக் கூடாது.

முன்பாரமும் பின்பாரமும்

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்பாரம் அதிகமானால் காளையின் கழுத்து நோகும். பின்பாரமானால் நுகம் மேலே தூக்கும். இரண்டு சக்கர டிரெய்லருக்கும் இதே கணக்குத்தான். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஆறில் ஒரு பங்குவரை டிராக்டரின் கொக்கியில் இறங்கும்படி ஏற்ற வேண்டும். அந்த எடை பின் சக்கரங்களை அழுத்திப் பிடிப்பைக் கூட்டும். பின்பாரமாக ஏற்றினால் டிரெய்லர் டிராக்டரின் பின்புறத்தைத் தூக்கும். பிடிப்பும் போகும், பிரேக்கும் போகும். செங்கல், மணல் போன்ற கனச் சரக்கைப் பின் கதவு ஓரத்தில் குவிப்பதும், வழியில் முன்பகுதிச் சரக்கை மட்டும் இறக்கிவிட்டு மிச்சத்தோடு கிளம்புவதும் இதனால்தான் ஆபத்து.

முன்பாரமும் அளவு மீறக் கூடாது. மீறினால் மேட்டில் ஏறும்போது முன் சக்கரம் இலேசாகி, ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி திரும்பாது. டிராக்டரின் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது எப்போதும் முன் அச்சில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. இரண்டு டன் வண்டிக்கு அது 400 கிலோ.

கொக்கி எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பின் அச்சுக்கு மேலே, உயரத்தில் கட்டி இழுத்தால் முன்புறம் தூக்கி வண்டி மல்லாந்துவிடும். கலப்பை எதிலாவது தட்டினால் டிராக்டர் பின்னோக்கிக் கவிழ்ந்து ஓட்டுபவர்மேல் விழுவது நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஃபோர்ட்சன் டிராக்டர்களில் அடிக்கடி நடந்தது. அயர்லாந்துக்காரரான ஹாரி ஃபெர்குசன் கருவியை மூன்று இடங்களில் பிணைத்து ஹைட்ராலிக்கால் தூக்கும் அமைப்பை உருவாக்கியதற்கு அந்த ஆபத்தை ஒழிப்பதும் ஒரு காரணம். 1930-களில் அது விற்பனைக்கு வந்தது. சென்னை டாஃபே நிறுவனத்தின் மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களில் இருக்கும் பாதிப் பேர் அவருடையதுதான். ஆனால் அந்த மூன்று பிணைப்பில் மேல் பிணைப்பு டிரெய்லர் மாட்டுவதற்கு உரியதல்ல. சிக்கிய வண்டியை இழுக்க அதில் சங்கிலி கட்டுவது உயிருக்கு உலை.

இறக்கத்தில் என்ன நடக்கிறது?

கல்குளம், விளவங்கோடு பக்கம் ரப்பர் விளைகளுக்கும் மரச்சீனி விளைகளுக்கும் இடையே போகும் ரோடுகளில் சமதளம் என்பதே குறைவு. நாஞ்சில் நாட்டில் மேடு குறைவானாலும், தோவாளைக் கால்வாய், அனந்தனாறு போன்ற கால்வாய்க் கரை வழிகளும் குளத்தங்கரை இறக்கங்களும் உண்டு. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் பள்ளம்.

இரண்டு டன் டிராக்டரும் பாரத்தோடு ஆறு டன் டிரெய்லரும் சேர்ந்து எட்டு டன். பத்தடிக்கு ஓரடி இறக்கத்தில் இந்த எட்டு டன்னும் 800 கிலோ விசையோடு கீழே தள்ளும். சக்கரங்கள் உருளும் தடை 160 கிலோவைக் கழித்தால் 640 கிலோ. டிராக்டருக்குப் பின் சக்கரங்களில்தான் பிரேக். மழையில் நனைந்த தார் ரோட்டில், அதுவும் செம்மண் கழுவி வந்து படிந்திருந்தால், சக்கரத்தின்மேல் உள்ள எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் பிடிப்பை எதிர்பார்க்க முடியாது. நாலு சக்கர டிரெய்லரானால் அதன் பாரம் கொக்கியில் இறங்காது. ஆகையால் பின் சக்கரங்களில் 1,300 கிலோதான். அதில் ஐந்தில் இரண்டு பங்கு 520 கிலோ. வேண்டியது 640, இருப்பது 520. பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். டிரெய்லர் ஒரு பக்கமாகத் திரும்பி டிராக்டரை மடக்கும்.

இரண்டு சக்கர டிரெய்லரில் முன்பாரம் சரியாக இருந்தால் கொக்கியில் இறங்கும் 600 கிலோ கைகொடுக்கும். அப்போதும் மயிரிழையில்தான் நிற்கும். ஏழு டன், எட்டு டன் என்று ஏற்றினால் அந்த மயிரிழையும் இல்லை.

எங்கள் பக்கத்தில் ஓர் ஐப்பசி மழையில் இதைக் கண்ணால் பார்த்தேன். செங்கல் பாரம், ஐம்பது குதிரைத்திறன் புது வண்டி, ஓட்டியவன் பத்து ஆண்டு பழகிய பையன். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கியிருக்கிறான். பாதியில் வேகம் மிஞ்சவே கிளட்சை மிதித்து கியர் போடப் பார்த்தான், விழவில்லை. பிரேக்கை மிதித்தபோது டிரெய்லர் சுழன்று வண்டியைக் கால்வாய்ப் பக்கம் தள்ளியது. அவன் குதித்துத் தப்பினான். மட்கார்டில் உட்கார்ந்து வந்த கூலி ஆளுக்குக் கால் போயிற்று. அந்தக் குடும்பத்தை இன்றும் பார்க்கிறேன்.

எந்த கியரில் அந்த மேட்டை ஏற முடியுமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும்; பாதியில் கிளட்சை மிதிக்கவே கூடாது. என்ஜின்தான் அங்கே முதல் பிரேக். இடது, வலது பிரேக் பெடல்கள் வயலில் திரும்புவதற்காகத் தனித்தனியே இருக்கும். ரோட்டுக்கு ஏறியதும் இரண்டையும் சேர்த்துக் கொண்டியைப் போட்டுவிடுங்கள். ஒற்றைப் பெடலை மட்டும் மிதித்தால் பாரத்தோடு வண்டி ஒரு பக்கம் இழுத்துக் கவிழும்.

டிரெய்லர் வாங்கும்போது

புதிதாக டிரெய்லர் அடிப்பவர்கள் பட்டறையில் பிரேக் வைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். டிராக்டரிலிருந்து ஹைட்ராலிக்காலோ காற்றாலோ இயங்கும் பிரேக்கும் உண்டு. டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும்போது தானே பிடிக்கும் வகையும் உண்டு. செலவு கூடும்தான். பெட்டிக்குப் பூ வேலை பெயின்டும் ஸ்டிக்கரும் போடும் காசை இதில் போடலாம். நாலு சக்கர டிரெய்லர் வாங்குவதானால் பிரேக் இல்லாமல் வாங்கவே வேண்டாம்.

பழைய டிரெய்லரானால் கொக்கி வளையத்தின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். தேய்ந்து மெலிந்திருக்கும். வளையம் பற்றவைத்த இடத்தில் கீறல் இருக்கிறதா என்று பெயின்டைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். புதுப் பெயின்டு அடித்திருந்தால் இன்னும் நன்றாகச் சுரண்டுங்கள். கொக்கிப் பின் நழுவாமல் கிளிப் இருக்க வேண்டும். அது போனாலும் டிரெய்லர் தனியே ஓடாமல் இருக்க ஒரு காப்புச் சங்கிலி. லாரியில் கழித்த டயரைத்தான் பெரும்பாலும் டிரெய்லரில் போடுகிறார்கள். பக்கவாட்டில் வெடிப்புக் கண்டால் தள்ளுங்கள். பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான் இல்லாத டிரெய்லரால் இரவில் மோட்டார் சைக்கிளில் வருபவரின் உயிர் போகும்.

தாள்களைப் பற்றி ஒரு வார்த்தை. டிராக்டருக்குத் தனி, டிரெய்லருக்குத் தனி என்று பதிவும் இன்சூரன்சும் வேண்டும். விவசாய உபயோகம் என்று பதிந்த வண்டியில் வாடகைக்குச் செங்கல் ஏற்றி விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி வழக்காடும். சரக்கு ஏற்றப் பயன்படும் டிராக்டர்-டிரெய்லர் சரக்கு வண்டியே என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் தீர்ப்பளித்திருக்கிறது. வாடகைக்கு ஓட்டும் எண்ணம் இருந்தால் தொடக்கத்திலேயே அதற்குரிய பதிவைச் செய்துவிடுவது நல்லது. டிராக்டரில் இருக்கை ஒன்றுதான். மட்கார்டில் உட்காருபவருக்குப் பாலிசி பொறுப்பேற்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கன்னிப்பூ வைக்கோல் வரும் ஆவணியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று இன்னும் ஓய்ந்திருக்காது. முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றும் அதே காற்றுத்தான் பெட்டிக்குமேல் ஓர் ஆள் உயரம் ஏற்றிய வைக்கோலையும் பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்த வழியாகப் போகிறவர்கள் உயரத்தைக் குறைத்து இரண்டு நடையாகக் கொண்டுபோங்கள். விடியற்காலையில் கிளம்பினால் காற்றும் சற்று அடங்கியிருக்கும். மேட்டில் நிறுத்த நேர்ந்தால் டிரெய்லர் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் டிராக்டரை விட்டு இறங்க வேண்டாம். கல்லைத் தேடிக்கொண்டிருக்காமல், முக்கோணமாக அறுத்த இரண்டு பூவரசங் கட்டைகளைப் பெட்டிக்கு அடியிலேயே சங்கிலியில் தொங்கவிட்டு வைத்திருந்தால் போதும்.